காபிக்குப் போனவர்

கல் வந்து காரின் முன்கண்ணாடியில் நட்ட நடுவே விழுந்தது. எறிந்தவனைச் சொல்லிக் குற்றமில்லை. கொடி கட்டிய கார் எல்லாமே அவனுக்கு ஒன்றுதான். உள்ளே உட்கார்ந்திருந்த வக்கீலம்மா அவன் பக்கத்து ஆள் என்பதும், அவன் எதற்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தானோ அந்தச் சட்டத் திருத்தத்தை எழுதியவளே அவள்தான் என்பதும் அவனுக்கு எப்படித் தெரியும்?

வண்டியை ஓட்டியவன் அவளுடைய தம்பி. மடியில் கண்ணாடித் தூள் கொட்டியதும் அதைத் தட்டிக்கூட விடாமல் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"டேய், ஏறுடா வண்டியில! உன்னைத்தான் சொல்றேன்!" என்று அவள் காருக்குள்ளிருந்து கத்தினாள்.

கல்லெறிந்தவனை வெளுக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவனை ஏற்கெனவே இரண்டு போலீஸ்காரர்கள் தரையில் தள்ளி லத்தியால் விளாசிக்கொண்டிருந்தார்கள். தம்பி நேராகப் போய் ஒரு போலீஸ்காரனின் காலரைப் பிடித்துத் திருப்பி மூக்கில் ஒரு குத்து விட்டான். அடுத்தவனின் லத்தி தம்பியின் இடது முழங்கையில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் காருக்குள் கேட்டது. அவள் செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க டிரைவர்! எங்க டிரைவர்!" என்று கத்திக் கத்தி அவனை இழுத்து வந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் கையை மடக்கி வச்சுக்கிட்டு இருக்க முடியாதா உன்னால?"

"அந்தாளு கீழ கிடக்கான்கா. கிடக்கறவனைப் போட்டு அடிக்கறானுங்க."

அவள் அவனைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மனைவி செத்த நாளிலிருந்து அவன் இப்படித்தான்.

நடந்தது இதுதான். அவர்கள் ஊர் ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கிறது. எல்லைக்கு அப்பால், ஆற்றின் மேற்பக்கத்தில், இன்னொரு நாட்டுக்காரர்களின் அமிலத் தொட்டிகள் இருக்கின்றன. ஆலைக் கழிவைக் கொட்டி வைக்கிற தொட்டிகள். முந்தின வருஷ மழையில் அதில் ஒன்று உடைந்தது. நுரை ஆற்றோடு வந்தது, நுரையோடு மஞ்சள் புகை வந்தது. தம்பி மனைவி வேலைக்குப் போக பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். அவன் தேடிப் போனபோது நிழற்குடையின் பெஞ்சுக்கு அடியில் கிடந்தாள். மூச்சு வாங்க முடியாமல் தன் தொண்டையைத் தானே நகத்தால் பிறாண்டியிருந்தாள். கழுத்து முழுக்க சிவப்புக் கோடுகள். அந்தக் கழுத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், அக்காவும் தம்பியும். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அதன் பிறகு லாரி ஷெட்டில் மேஸ்திரியை அடித்து வேலையைத் தொலைத்தான். வீட்டுக்காரரை அடித்தான். சும்மா இருக்கவிட்டால் எவனையாவது கொன்றுவிட்டு உள்ளே போய்விடுவான் என்று பயந்துதான் அக்கா அவனைத் தன் தூதுக்குழுவின் டிரைவராகச் சேர்த்துக் கூடவே அழைத்து வந்தாள். கண் பார்வையில் இருந்தால் அடங்கி இருப்பான் என்று கணக்குப் போட்டாள்.

தம்பியின் மகள் ஊரில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். நெஞ்சு பழுதான குழந்தை. புகை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருந்தது. அதனால் வீட்டு ஜன்னல் இடுக்குகளை எல்லாம் பழுப்பு டேப்பால் ஒட்டி வைத்திருந்தார்கள். அன்று காலை போனில், "அத்தை, இன்னிக்கு முடிஞ்சிருமா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிரும் கண்ணு. சாயந்திரம் டேப்பையெல்லாம் பிச்சிப் போட்டுரு," என்று இவளும் சொல்லிவிட்டாள். வக்கீல் அப்படிப் பேசக்கூடாது. தீர்ப்பு வருவதற்கு முன்னால் வாக்குக் கொடுக்கிற வக்கீலை அவளே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். ஆனால் அன்று காலை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

உலகத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து காற்றையும் தண்ணீரையும் காப்பாற்ற வைத்திருக்கிற மன்றம் அது. பேர் பெத்த பேர். அங்கே ஓட்டுப் போடுகிற பழக்கம் கிடையாது. தலைவர் தீர்மானத்தைப் படிப்பார். "எதிர்ப்பு உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். மேஜையில் படுத்திருக்கிற பெயர்ப்பலகையை ஒரே ஒரு நாடு நிமிர்த்தினால் போதும், தீர்மானம் செத்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. எவரும் நிமிர்த்தாவிட்டால் மரச்சுத்தி மேஜையில் விழும், தீர்மானம் சட்டமாகிவிடும். நஞ்சு கக்குகிறவனே, "என்னைச் சோதிக்க வராதே" என்று பலகையை நிமிர்த்திவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இப்படி ஒரு கூத்தை நியாயம் என்று உலகமே ஏற்றுக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா எழுதிய திருத்தம் இந்தக் கூத்தை முடிக்கிற திருத்தம். எல்லை தாண்டி நஞ்சு வருகிறது என்று முக்கால்வாசி நாடுகள் சொன்னால் போதும், மன்றத்தின் ஆய்வாளர்கள் எவரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே போய்த் தொட்டிகளைச் சோதிக்கலாம், மூடலாம். மழை தொடங்குவதற்கு முன் மற்ற தொட்டிகளுக்குள் ஆள் போயாக வேண்டும். அவள் ஊரில் இருக்கிறவர்கள் உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் அதில்தான் இருந்தது. ஆனால் இந்தத் திருத்தத்தையும் பழைய விதிப்படிதான் நிறைவேற்ற வேண்டும். ஒரே ஒரு பலகை நிமிர்ந்தால் இதுவும் செத்தது.

அந்தப் பலகை யாருடையது என்று கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலாற்று நாட்டின் பிரதிநிதி. அவருக்குக் கட்டிடம் வைத்த பேர் முட்டுக்கட்டை. நெடுநெடுவென்று உயரம், வழுக்கை, மூக்குக் கண்ணாடி, எப்போதும் கையில் மடித்த கைக்குட்டை. பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி இருப்பார். எத்தனையோ தீர்மானங்களை ஒரு விரலால் கொன்றவர்.

முந்தின நாள் அவரே மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"வக்கீலம்மா, நான் ஆமான்னு சொல்ல முடியாது. சொன்னா ஊருக்குத் திரும்ப முடியாது. நாற்காலியில உக்காந்திருந்தா பலகையை நிமித்தியே ஆகணும். அதுவும் தப்ப முடியாது."

"அப்ப உக்காராதீங்க சார்," என்றாள் அவள்.

அவர் சிரித்தார். "காபிக்குப் போகச் சொல்றீங்க."

அந்தக் கட்டிடத்தில் அது ஒரு பழக்கம். காலியாக இருக்கிற நாற்காலி சம்மதித்த நாற்காலி என்பது விதி. தன் அரசாங்கத்துக்குப் பயந்து ஆமென்று சொல்ல முடியாதவர், மனசாட்சிக்குப் பயந்து இல்லையென்று சொல்ல முடியாதவர், சரியாக அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போய்விடுவார். வயிறு சரியில்லை, தலை சுற்றியது என்று பிறகு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பெரிய பெரிய சட்டங்கள் எல்லாம் அப்படிக் காபிக்குப் போனவர்களால்தான் பிறந்திருக்கின்றன.

"என் மருமகன் அந்தத் தொட்டிங்ககிட்டத்தான் வேலை பாக்கறான்," என்றார் முட்டுக்கட்டை. "சுவர் விரிசல்ல கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுதாம். இந்த மழைக்குத் தாங்காதுங்கறான். என் அமைச்சர்கிட்ட சொன்னேன். வாயை மூடிட்டு வேலையைப் பாருன்னாரு."

"பின்பக்க வராந்தா வழியாப் போங்க சார். அங்க நிருபருங்க வரமாட்டாங்க. கேமராவும் கிடையாது. நான் பாத்து வச்சிருக்கேன்."

"சரி. ஆனா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. உங்க ஆளுங்ககிட்டக்கூட. வெளிய தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். நாளைக்குக் காலையில டிவிக்காரங்க முன்னால கொஞ்சம் சத்தம் போடுவேன். அதையும் கண்டுக்காதீங்க."

அவள் மூச்சு விடவில்லை. தம்பியிடம் கூடச் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்ற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது.

சொன்னது போலவே மறுநாள் காலை முட்டுக்கட்டை முகப்புக் கூடத்தில் நின்று வெளுத்து வாங்கினார். "எங்க நாட்டுக்குள்ள ஒரு ஆய்வாளன் காலை வைக்க முடியாது! நான் அந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் இந்தத் திருத்தம் நடக்காது! கீழ்க்கரையில நாலு பேர் இருமினா அதுக்கு நாங்களா பொறுப்பு?" என்று மேஜையில் குத்தினார். நடிப்பு பிரமாதம். அவளுக்கே ஒரு கணம் சுருக்கென்றது. கூடத்தின் மறுகோடியில் பெரிய திரைக்கு முன்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். முழங்கையில் கட்டு. நாலு பேர் இருமினா என்ற இடத்தில் அவன் தாடை இறுகியதை அவள் பார்த்தாள். பிறகு போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் தம்பி தண்ணீர் பாட்டிலோடு அவள் இருக்கைக்கு வந்தான். வலது கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான்.

"கை ரொம்ப வலிக்குதாடா?"

"இல்லக்கா. இன்னிக்கு நல்லபடியா முடியும். நீ கவலைப்படாத. நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தைப் பாக்கப் போற? போய் வண்டியில படு," என்று செல்லமாக விரட்டினாள்.

மண்டபத்தில் அன்று ஆரம்பத்திலிருந்தே அனல் பறந்தது. கப்பல் வியாபாரம் செய்கிற ஒரு நாட்டின் பிரதிநிதி எழுந்து, சின்ன நாடுகள் எல்லாம் பிச்சைப் பாத்திரத்தோடு வந்திருக்கின்றன என்றார். கடலில் பாதி மூழ்கிவிட்ட தீவு ஒன்றின் பிரதிநிதி, சாதுவான மனிதர், எழுந்து போய் அவர் முகத்தில் கண்ணாடி டம்ளரை வீசினார். நெற்றி பிளந்தது. கப்பல்காரர் மைக்கைப் பிடுங்கி அதன் கம்பியோடு சேர்த்துத் தீவுக்காரரின் காதில் அடித்தார். நாகரிகத்தின் உச்சியில் இருப்பவர்கள், தரை விரிப்பில் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். காவலர்கள் வந்து பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைவர், வயதானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பொருள். விதித் திருத்தம்," என்றார்.

முட்டுக்கட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தைச் சுளித்தார். அவளைப் பார்க்காமல் நடந்து, பின்பக்கக் கதவைத் திறந்து, வராந்தாவுக்குப் போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது. அவருடைய பலகை மேஜையில் படுத்தே கிடந்தது. அதற்குப் பின்னால் நாற்காலி காலி.

வக்கீலம்மாவுக்கு அழுகை வந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். தலைவர் திருத்தத்தைப் படிக்கத் தொடங்கினார். நீளமான திருத்தம், அவள் எழுதியது, ஒவ்வொரு வரியும் மனப்பாடம். பாட்டிலை மூடும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. லத்தி விழுந்தது தம்பியின் இடது கையில். கைக்குட்டை சுற்றியிருந்தது வலது கையில்.

சண்டைக்குப் போகும்போதெல்லாம் அவன் அப்படித்தான் சுற்றிக்கொள்வான், சின்ன வயசிலிருந்து. முஷ்டி கிழியாமல் இருப்பதற்காக. அவளே எத்தனையோ தடவை அந்தக் கைக்குட்டையில் ரத்தம் துவைத்திருக்கிறாள்.

அவள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து ஓடினாள். கட்டிடத்திலேயே கேமரா இல்லாத இடம் அது ஒன்றுதான். அதை அவள் பார்த்து வைத்திருந்தாள் என்றால், டிரைவர்களுக்கும் காவலர்களுக்கும் நடுவில் பொழுதைக் கழிக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

கதவைத் தள்ளியதும் காலில் ஏதோ நொறுங்கியது. மூக்குக் கண்ணாடி. சுவரில் தலை உயரத்தில் ஒரு ரத்தத் தீற்றல், அங்கிருந்து கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. கீழே முட்டுக்கட்டை மல்லாந்து கிடந்தார். வாய் பிய்ந்திருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. நெஞ்சில் தம்பியின் முழங்கால். அவன் வலது முன்கை அவர் தொண்டைக்குக் குறுக்கே கட்டை மாதிரி அழுந்தியிருந்தது. அவர் குதிகால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன.

"விடுடா! டேய், விடுடா அவரை!"

"கத்தாதக்கா. ஆளுங்க வந்துருவாங்க. ஏதாவது சொல்லி வெளிய வரவழைக்கலாம்னு நின்னேன், தானாவே வந்துட்டான். ரெண்டு நிமிஷம் இந்தாளை இங்க வச்சிருந்தாப் போதும். நாற்காலி காலியா இருந்தா சம்மதம்தானே? நீதானே சொன்ன?"

வராந்தாவின் கூரையில் ஒலிபெருக்கி இருந்தது. வெளியே நிற்கிறவர்களுக்கும் கூட்டம் கேட்க வேண்டும் என்பதற்காக. தலைவரின் குரல் அதில் சாவகாசமாக வந்தது. "முதல் முறையாகக் கேட்கிறேன். எதிர்ப்பு உண்டா?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவனை இழுக்கப் போன அவள் கை அப்படியே நின்றது. இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷம் அவள் ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும். ஊர் பிழைக்கும், குழந்தை பிழைக்கும். அந்த ஆள் எப்படியும் வெளியேதானே இருக்கப் போகிறவர்? எங்கே இருந்தால் என்ன, எப்படி இருந்தால் என்ன? இந்த நினைப்பு அவளுக்கு வந்தது. வந்து, தங்கியும் விட்டது.

"இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்."

முட்டுக்கட்டையின் கைகள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, முடியாமல், தன் தொண்டையையே பிறாண்டத் தொடங்கின. நகம் பட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடுகள். அவள் அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

சுவரில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடுங்கித் தூக்கித் தம்பியின் முன்கையில் இறக்கினாள். முறிகிற சத்தம் கேட்டது. அவன் அலறவில்லை, அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் சிலிண்டரை அவன் நெஞ்சில் இடித்துத் தள்ளினாள். அவன் பின்னால் போய் விழுந்தான்.

"அவர் வெளிய வந்தவருடா முட்டாள்! திரும்ப உள்ள போகவே மாட்டாருடா! நமக்காகத்தான்டா எழுந்து வந்தாரு! நேத்தே பேசி முடிச்சாச்சுடா!"

தம்பி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு மட்டும் அசைந்தது. "என்னது?"

முட்டுக்கட்டை இருமி, ரத்தத்தைத் துப்பி, சுவரைப் பிடித்து எழுந்தார். துப்பியதில் ஒரு பல்லும் இருந்தது. மடித்த கைக்குட்டையைத் தேடி எடுத்து வாயில் ஒற்றிக்கொண்டார். அத்தனை அடி வாங்கியும் அந்த மடிப்பு கலையவில்லை.

"நல்ல இடமாப் பாத்துத்தான் அனுப்பினீங்க," என்றார். குரல் கரகரவென்று வந்தது. "கேமரா இல்லாத இடம்."

"சார், சத்தியமா எனக்குத் தெரியாது சார். இவன் என் தம்பி. இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"தம்பியா?" அவர் சிரித்தார். சிரித்ததில் ரத்தம் மோவாயில் வழிந்தது. "சொந்தத் தம்பியா? வேற ஆள் கிடைக்கலையா?"

அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் நம்பியிருப்பாள். இடம் சொன்னது அவள், நேரம் சொன்னது அவள், அடித்தது அவள் தம்பி. எந்த நீதிமன்றமும் இதற்கு மேல் சாட்சி கேட்காது.

அவர் கதவை நோக்கி வந்தார். அவள் குறுக்கே நின்றாள்.

"உங்க மருமகனை நெனச்சுப் பாருங்க சார். உங்க காலைப் பிடிக்கறேன்."

"அவனை நெனச்சுத்தான் எழுந்து வந்தேன். வழி விடுங்க."

"விடாதக்கா!" தம்பி தரையிலிருந்து கத்தினான். "கதவைப் பிடி! இன்னும் ஒரு தடவைதான்கா! பிடிச்சுக்கோக்கா!"

பிடித்திருக்கலாம். அவருக்கு நிற்கவே தெம்பில்லை. ஒரு விரலால் தள்ளினால் விழுந்திருப்பார். ஒலிபெருக்கியில் தலைவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பலாத்காரத்தில் பிறக்கிற சட்டம் சட்டமாகாது என்றெல்லாம் அவள் அந்த நேரத்தில் யோசித்தாள் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. அவர் கழுத்தில் இருந்த கோடுகள் அவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவளால் அதைத் தொட்டுத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அவள் நகர்ந்தாள்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த சலசலப்பு, யாரோ கழுத்தைத் திருகியது போல நின்றது. திறந்த கதவு வழியே அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முட்டுக்கட்டை ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார். எவரும் உதவிக்கு எழுந்திருக்கவில்லை. தலைவரின் மரச்சுத்தி பாதி உயரத்தில் நின்றது.

"மூன்றாம் முறையாக..." என்று சொல்லி அவர் நிறுத்திவிட்டார்.

முட்டுக்கட்டை தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். உட்காரவில்லை. பலகையை எடுத்து நிமிர்த்தினார். அதில் அவர் விரல்களின் ரத்தம் நாட்டுப் பெயரின் மேல் பதிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மன்றத்தில் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

தலைவர் சுத்தியை ஓசைப்படாமல் கீழே வைத்தார். "எதிர்ப்பு பதிவாகிறது. திருத்தம் கைவிடப்படுகிறது." பிறகு, பழக்க தோஷம், பக்கத்தைப் புரட்டினார். "அடுத்த பொருள். அடுத்த கூட்டம் எங்கே, எப்போது என்பது பற்றி." அதற்கப்புறம்தான் எவருக்கோ உயிர் வந்து, "டாக்டரைக் கூப்பிடுங்கள்!" என்று கத்தினார்கள்.

காவலர்கள் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். தம்பியைக் குப்புறத் தள்ளி முதுகில் மண்டியிட்டார்கள். ஒருவன் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். முறிந்த கையைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார்கள். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன், அன்று தலையைக்கூடத் தூக்கவில்லை. "அடிக்காதீங்க! கை உடைஞ்சிருக்கு, அடிக்காதீங்க!" என்று அக்காதான் அவர்கள் மேல் விழுந்து கத்தினாள். ஒருவன் அவள் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளினான். ரத்தத் தீற்றல் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டது.

தம்பியின் கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. அவன் அவளையே பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா."

வாக்குக் கொடுத்திருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அடுத்தவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், கூடப் பிறந்தவனை நம்பவில்லை. அவள் எத்தனையோ மேடைகளில், மூடிய கதவுகளுக்குப் பின்னால் உலகத்தின் தலைவிதியை முடிவு செய்கிறார்கள் என்று முழங்கியிருக்கிறாள். மாடிப்படியில் கிசுகிசுத்து முடித்தது யார்?

அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டு அடி இழுத்துக்கொண்டு போனதும் அவன் காலை ஊன்றித் திமிறினான். மறுபடி அடிக்கப் போகிறான் என்று காவலன் லத்தியை ஓங்கினான்.

"அக்கா, பாப்பாவுக்கு போன் பண்ணு. சாயந்திரம் ஆகப் போகுது. அவ டேப்பைப் பிச்சிருவா."

லத்தி அவன் தோளில் விழுந்தது. அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மறுமுனையில் எடுத்ததும் குரலுக்கு முன்னால் வேறொரு சத்தம் வந்தது. சர்ரென்று நீளமாக எதையோ கிழிக்கிற சத்தம். நின்றது. மறுபடியும் சர்ரென்று.

"அத்தை! பெரியம்மா ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. நானே நாற்காலி போட்டு ஏறிட்டேன். பெரிய ஜன்னல் முடிஞ்சுது. இன்னும் சமையல்கட்டு மட்டும்தான் பாக்கி." மூச்சிரைக்க, சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்பா எங்க அத்தை? அப்பாகிட்ட குடுங்க."

வக்கீலம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் முட்டுக்கட்டையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

"கண்ணு," என்றாள். "கீழ இறங்கு. புது டேப் இருக்கான்னு பாரு. எல்லா ஜன்னலையும் மறுபடி ஒட்டிரு."

"ஏன் அத்தை?"

"ஒட்டிரும்மா. நான் லைன்லயே இருக்கேன்."

குழந்தை நாற்காலியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலமாரியைத் திறந்து தேடுகிற சத்தம்.